வாக்கும் ஒரு சாட்சியம்: நிரலாளர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு பொருள்களைச் சுற்றியே அமைந்திருந்தன. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற நிரலாளர் கேள்வி-பதில் தளங்களில் நன்மதிப்புப் புள்ளிகள் சேர்வதும் பறிபோவதும் ஒன்று. தரவுத்தளத்தில் எதை எப்படிச் சேமிப்பது என்பது மற்றொன்று. ஒரு கடிதத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே வந்திருந்தன. அதற்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

விடுதியில் நாங்கள் எட்டுப் பேர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கணக்குத் தொடங்கினோம். வாக்களிக்கும் உரிமைக்குத் தேவையான 15 புள்ளிகள் வரும்வரை ஆளுக்கு ஓரிரு பதில்களை ஒழுங்காக எழுதினோம். அதன்பின் ஒருவர் பதிலுக்கு மற்றவர்கள் வாக்களிப்பது என்று பேசிவைத்துக்கொண்டோம். வளாக வேலைவாய்ப்புத் தேர்வுக்கு முன் ஆளுக்கு 500 புள்ளிகளாவது சேர்த்துவிட வேண்டும் என்பது எண்ணம். இரண்டே நாளில் என் கணக்கு 341 புள்ளிகளைத் தொட்டது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் 21 மட்டுமே இருந்தது. நண்பர் ஒருவரின் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. பதில்கள் அனைத்தும் நாங்களே எழுதியவை, எதையும் திருடவில்லை. இதில் என்ன தவறு, ஐயா?
– பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர், கோயம்புத்தூர்

முதலில் உங்கள் கணக்கில் எஞ்சியிருக்கும் அந்த 21 புள்ளிகளைப் பாருங்கள். கணக்குத் தொடங்கும் அனைவருக்கும் 1 புள்ளி தரப்படுகிறது. பதிலுக்குக் கிடைக்கும் ஒவ்வோர் ஆதரவு வாக்கும் 10 புள்ளிகளைத் தருகிறது. எனவே நீங்கள் இழந்தவை 32 வாக்குகள். எஞ்சியவை 2 வாக்குகள். அந்த இரண்டையும் அளித்தவர்கள் உங்கள் முகத்தை அறியாதவர்கள். எங்கோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு, உங்கள் பதிலைப் படித்து, அது பயன்பட்டதால் வாக்களித்துவிட்டுப் போனவர்கள். தளம் உங்களிடமிருந்து அவற்றைப் பறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகிய இருவரும் 2008இல் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது, பதிலளிப்பவர் யார், எங்கே படித்தார், எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று யாரும் கேட்க வேண்டாதபடி ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். பதில் பயன்பட்டால் வாக்கு; வாக்குக்கு ஏற்பப் புள்ளி; புள்ளிக்கு ஏற்பப் பொறுப்பு. 50 புள்ளிகள் இருந்தால் எவருடைய பதிவிலும் கருத்துரைக்கலாம். 125 இருந்தால் எதிர் வாக்கு இடலாம். 2,000 இருந்தால் பிறர் எழுதியதை, இன்னொருவரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் திருத்தலாம். 3,000 இருந்தால் ஒரு கேள்வியை மூடுவதற்கு வாக்களிக்கலாம். 10,000 இருந்தால் நீக்கப்பட்ட பதிவுகளையும் பார்க்கலாம். ஆகவே அங்கே புள்ளி என்பது பிறருடைய எழுத்தின் மீது உங்களுக்குத் தரப்படும் அதிகாரம். பேசிவைத்துச் சேர்த்த புள்ளியால் அந்த அதிகாரமும் தகுதி பார்க்கப்படாமல் கைமாறிவிடுகிறது.

பதில்களை நாங்களே எழுதினோம் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் வாக்கு என்பது எழுதியவருக்குத் தரும் பரிசு மட்டுமன்று. நள்ளிரவில், வேறொரு நாட்டில், அதே பிழையுடன் அந்தப் பக்கத்துக்கு வந்து சேரும் ஒருவரிடம், ‘இதை நான் படித்தேன், சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் சாட்சியம் அது. உங்கள் அறை நண்பர் அந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்தாரா? படித்தாவது பார்த்தாரா? பார்க்காததைப் பார்த்ததாக 32 முறை சொல்லியிருக்கிறீர்கள் என்பதுதான் இங்கே குற்றம். இதைக் கடுமையாகச் சொல்வதற்காக வருந்தவில்லை. ஏனெனில் அப்படிப்பட்ட சாட்சியத்தை நம்பி வேலை செய்பவர்களில் நானும் ஒருவன்.

பிடிபட்டது எப்படி என்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஒருவர் மற்றொருவருக்குக் குறுகிய காலத்தில் தொடர்ந்து வாக்களிக்கிறாரா என்பதை ஆராயும் நிரல் ஒன்று அங்கே நாள்தோறும் ஒருமுறை இயங்குகிறது. அதன் நுட்பமான விதிகளை அவர்கள் வேண்டுமென்றே வெளியிடுவதில்லை. அந்த நிரலிலிருந்து தப்பிவிடும் வட்டங்களை, தளத்தின் ஒழுங்கைக் கவனிக்கும் மட்டுறுத்துநர்கள் தனியாக ஆராய்கிறார்கள். ஒரே விடுதியின் வைஃபையைப் பலர் பயன்படுத்துவது குற்றமாகாது. எட்டுப் பேரும் தங்களுக்குள்ளேயே வாக்குகளைச் சுற்றவிட்டதுதான் உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முடக்கப்பட்ட நண்பர், முடக்கக் காலம் முடியும்வரை வேறொரு கணக்கைத் திறக்கவே கூடாது. திறந்தால் தண்டனை நீளும். முடக்கக் காலத்தில் அவருடைய புள்ளி 1 என்று காட்டப்படும். காலம் முடிந்ததும் முறையாகச் சேர்ந்தவை திரும்பிவிடும். மட்டுறுத்துநரின் செய்திக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதிப் பதிலளிக்கலாம். தவறை ஒப்புக்கொள்பவர்களிடம் அவர்கள் கனிவாகவே நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். வளாகத் தேர்வைப் பற்றிய கவலையை விடுங்கள். நான் நேர்காணல் குழுவில் அமர்ந்த நாள்களில் ஒருவருடைய மொத்தப் புள்ளியைப் பார்த்து முடிவெடுத்ததே இல்லை. அவருடைய பதில்களில் ஒன்றைத் திறந்து, அதைப் பற்றிக் கேட்பேன். இரண்டு அந்நியர்கள் பயனுள்ளது என்று சொன்ன உங்கள் பதிலை விளக்க உங்களால் முடியுமென்றால், அந்த ஒன்றே போதும்.

ஒருவர் இரண்டு கணக்குகள் வைத்திருப்பதே விதிமீறலா?
– வாசகி, ஈரோடு

இல்லை. அலுவலகத்துக்கு ஒன்று, சொந்தப் பயன்பாட்டுக்கு ஒன்று என வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று வாக்களிக்கக் கூடாது. ஒன்றின் பதிலை மற்றொன்று ஏற்கக் கூடாது. ஒரு கணக்குக்கு விதிக்கப்பட்ட தடையை மற்றொன்றால் கடக்கக் கூடாது. அவற்றில் எதையாவது செய்தால் அது கைப்பாவைக் கணக்கு ஆகிவிடுகிறது.

என் முதல் கேள்வியை ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கி, ‘முன்கூட்டியே நன்றி’ என்று முடித்திருந்தேன். யாரோ ஒருவர் இரண்டையும் நீக்கிவிட்டார். அடுத்த சில நிமிடங்களில் இரண்டு எதிர் வாக்குகள். மரியாதையாகக் கேட்டதற்கு இதுதான் பலனா? அழுகையே வந்துவிட்டது.
– இளநிலை நிரலாளர், மதுரை

உங்கள் வருத்தம் நியாயமானது. முதல் நாளில் இப்படி நேர்ந்தால் எவருக்கும் மனம் சுருங்கும். பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கும்போது வணங்கிவிட்டுக் கேட்பதே நம் வழக்கம். அந்தத் தளத்திலோ ஒரு கேள்வி, கேட்டவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையே நடக்கும் உரையாடலாகக் கருதப்படுவதில்லை. பின்னால் தேடி வரப்போகிறவர்களுக்கான அகராதிப் பதிவைப் போலவே அதை நடத்துகிறார்கள். ஆகவே வணக்கத்தையும் நன்றியையும் எல்லோருடைய கேள்விகளிலிருந்தும் நீக்குகிறார்கள். உங்களை அவமதிக்கும் நோக்கம் அதில் இல்லை.

எதிர் வாக்குகளுக்குக் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். நீங்கள் இணைத்திருந்த கேள்வியைப் படித்தேன். ‘இணைப்பு வேலை செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, திரையில் வந்த பிழைச் செய்தியைக் கொடுக்கவில்லை. நிரலைப் படமாக ஒட்டியிருக்கிறீர்கள். படத்திலிருக்கும் நிரலை யாராலும் நகலெடுத்து இயக்கிப் பார்க்க முடியாது. பிழைச் செய்தியை எழுத்தாகவும், பிழையை மீண்டும் வரவழைக்கப் போதுமான பத்து வரி நிரலையும் சேர்த்துத் திருத்துங்கள். திருத்தியபின் எதிர் வாக்கை விலக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஒரு கேள்விக்கு விழும் எதிர் வாக்கு 2 புள்ளிகளைத்தான் குறைக்கிறது. ஒரே ஓர் ஆதரவு வாக்கு அதைப்போல ஐந்து மடங்கைத் தருகிறது.

இருப்பினும், புதியவரிடம் காரணம் சொல்லாமல் எதிர் வாக்கிட்டுப் போகும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஒரு வரி கருத்துரை எழுத அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைத் தராததால் மீண்டும் கேட்கவே அஞ்சி ஒதுங்கிய பலரை நான் அறிவேன்.

எங்கள் நிறுவனம் உருவாக்கிய உறுப்பினர் பதிவுப் படிவத்தில் டி'குரூஸ், டி'சில்வா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் தட்டினால் பிழை வருகிறது. இவ்வூரில் அப்படிப் பெயர் கொண்டவர்கள் ஏராளம். நான் பின்பற்றியது பலநூறு வாக்குகள் பெற்ற, ‘ஏற்கப்பட்டது’ என்று பச்சைக் குறியிட்ட பதில். பெயரிலுள்ள அந்தக் குறியை நீக்கிவிட்டுச் சேமிக்கும்படி மேலாளர் சொல்கிறார். அப்படியே செய்துவிடலாமா?
– நிரலாளர், தூத்துக்குடி

செய்யாதீர்கள். ஒருவருடைய பெயரைத் திருத்தும் உரிமை நிரலுக்குக் கிடையாது. அதைவிட முக்கியமாக, அந்தப் பிழை உங்கள் படிவத்தின் கதவு திறந்துகிடப்பதைக் காட்டும் எச்சரிக்கை.

பயனர் தட்டிய சொல்லை, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல்லின் வாக்கியத்துக்குள் அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். எஸ்கியூஎல்லில் ஒற்றை மேற்கோள் குறி என்பது ஒரு சொல் தொடங்குவதற்கும் முடிவதற்குமான அடையாளம். டி'குரூஸ் என்று வந்ததும், ‘டி’ என்பதோடு பெயர் முடிந்துவிட்டதாகத் தரவுத்தளம் கருதி, ‘குரூஸ்’ என்பதைக் கட்டளையாகப் படிக்க முயன்று தோற்கிறது. அந்த இடத்தில் தீய எண்ணம் கொண்ட ஒருவர், மேற்கோள் குறியைப் போட்டு, ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்’ என்று பொருள்படும் எஸ்கியூஎல் தொடரைத் தட்டினால், அது எப்போதும் உண்மையாகிவிடும் நிபந்தனை என்பதால், உங்கள் நுழைவுப் பக்கம் கடவுச்சொல் இல்லாமலேயே அவரை உள்ளே விட்டுவிடும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் எனப்படும் இந்தத் தாக்குதல் 1998 முதலே பொதுவெளியில் விவரிக்கப்பட்டு வருகிறது.

தீர்வு எளிது. வாக்கியத்தைத் தனியாகவும் மதிப்புகளைத் தனியாகவும் அனுப்புங்கள். மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போன்ற ஓர் இடக்குறியை வைத்து, அதற்குரிய பெயரைப் பின்னர் இணைக்கும் இம்முறையைப் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்பார்கள். அப்போது டி'குரூஸ் என்பது எத்தனை குறிகளோடு வந்தாலும் தரவாக மட்டுமே கருதப்படும். அட்டவணையின் பெயரையோ, எந்தப் புலத்தின்படி வரிசைப்படுத்துவது என்பதையோ இப்படி இடக்குறியால் அனுப்ப முடியாது. அவற்றைப் பயனர் தேர்வு செய்வதாக இருந்தால், அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை நிரலிலேயே வைத்துக்கொண்டு அதனுடன் ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

பலநூறு வாக்குகள் பெற்ற பதில் எப்படித் தவறாகும் என்ற உங்கள் திகைப்பு புரிகிறது. நீங்கள் அனுப்பிய நிரல், பிஎச்பி என்ற நிரல்மொழியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கென இருந்த பழைய செயற்கூறுகளைப் பயன்படுத்துகிறது. அவை 2013இல் வந்த 5.5ஆம் பதிப்பிலேயே கைவிடத்தக்கவை என அறிவிக்கப்பட்டு, 2015 இறுதியில் வந்த 7ஆம் பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டவை. அந்தப் பதிலுக்கு வாக்களித்தவர்களில் பலர் அதற்கு முன்பே வாக்களித்திருப்பார்கள். அன்று அவர்களுக்கு அது பயன்பட்டது உண்மைதான். வாக்குக்குத் தேதி உண்டு. பக்கத்தின் மேலே தெரியும் கூட்டுத்தொகையில் அந்தத் தேதி மறைந்துபோகிறது. பச்சைக் குறியும் கேள்வி கேட்ட ஒரே ஒருவரின் தீர்ப்பைத்தான் காட்டுகிறது. அதனால்தான் 2021இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே ஏற்கப்பட்ட பதிலை எப்போதும் முதலிடத்தில் நிறுத்திவைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டது.

எனவே ஒரு பதிலை எடுத்துக்கொள்ளும் முன் அதன் ஆண்டைப் பாருங்கள். அதன் கீழுள்ள கருத்துரைகளைப் படியுங்கள். பிறகு, குறைந்த வாக்குகளுடன் கீழே இருக்கும் புதிய பதில்களையும் பாருங்கள். அந்தப் பழைய பதிலின் கீழ் ஓர் எச்சரிக்கையை நீங்களே எழுதிவைத்தால், உங்களுக்குப் பின் வருபவருக்கு உதவியாக இருக்கும். உங்கள் படிவத்தில் கடவுச்சொற்களை எளிதில் உடைபடும் பழைய எம்டி5 முறையில் சேமித்திருப்பதையும் கண்டேன். அதையும் மாற்றுங்கள், பிஎச்பி 5.5 முதல் இதற்கென்றே பாஸ்வேர்ட் ஹாஷ் என்ற செயற்கூறு மொழியிலேயே இருக்கிறது.

எங்கள் கல்லூரித் துறைக்கென்று ஒரு கேள்வி-பதில் தளம் கட்டுகிறோம். ஒவ்வொருவரின் புள்ளியையும் பயனர் அட்டவணையில் ஓர் எண்ணாக வைத்து, வாக்கு விழும்போதெல்லாம் 10 கூட்டிவிடலாம் என்கிறார் தோழி. வாக்குகளை மட்டும் சேமித்து, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எது சரி? ஒருவர் இரண்டு முறை வாக்களிப்பதை எப்படித் தடுப்பது?
– கணினி அறிவியல் மாணவி, திருநெல்வேலி

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பதிவியல் படித்த தோழி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். நடவடிக்கைகள் நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் எழுதப்படும். அதன் பிறகே பேரேட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டு இருப்பு காணப்படும். பேரேட்டின் இருப்பில் ஐயம் வந்தால் குறிப்பேட்டைத் திறந்து சரிபார்க்கலாம். குறிப்பேடே இல்லாமல் இருப்பை மட்டும் வைத்திருந்தால் சரிபார்க்க எதுவும் இருக்காது. உங்கள் வாக்கு அட்டவணைதான் குறிப்பேடு. பயனரின் புள்ளி என்பது பேரேட்டின் இருப்பு.

ஆகவே அடிப்படையில் நீங்கள் சொல்வதே சரி. முதல் கடிதத்தை எழுதிய கோவை மாணவரின் நிலையை உங்கள் தளத்தில் வைத்துப் பாருங்கள். 32 வாக்குகள் பொய்யானவை என்று தெரியவருகிறது. வாக்குகள் தனித்தனிப் பதிவுகளாக இருந்தால், அந்த 32ஐ மட்டும் செல்லாதவை என்று குறித்துவிட்டு மீண்டும் கூட்டினால் 21 கிடைத்துவிடும். 341 என்ற எண் மட்டும் இருந்தால், அதில் எது மெய், எது பொய் என்று பிரிப்பதற்கு எந்த வழியும் இல்லை. முழுவதையும் பறிக்க வேண்டும், அல்லது முழுவதையும் விட்டுவிட வேண்டும். ஏமாற்றியவரிடம் நியாயமாக நடந்துகொள்வதற்கும் பதிவுகள் வேண்டும்.

ஆனால் தோழி சொல்வதிலும் பொருள் உண்டு. ஒரு பக்கத்தில் முப்பது பேரின் பெயர்களைக் காட்டும்போது, முப்பது பேருக்கும் வாக்குகளை முதலிலிருந்து கூட்டுவது வீண்வேலை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தன் தரவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. அதைத் திறந்து பார்த்தால் பயனர் அட்டவணையில் நன்மதிப்பு ஓர் எண்ணாகவே இருக்கும், வாக்குகளும் தனி அட்டவணையில் இருக்கும். யார் வாக்களித்தார் என்பது மட்டும் அந்த வெளியீட்டில் மறைக்கப்பட்டிருக்கும். கேள்விகளும் பதில்களும் அங்கே ஒரே அட்டவணையில், வகை எண் 1 என்றால் கேள்வி, 2 என்றால் பதில் என்ற முறையில் வைக்கப்பட்டிருப்பதையும் காணலாம். அதன்மீது எஸ்கியூஎல் வினவல்களை உலாவியிலேயே இயக்கிப் பழக இலவச வசதி இருக்கிறது. ஒரு மாலை முழுவதும் அதில் செலவிடுங்கள். நீங்களும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். குறிப்பேடு மூலமாகவும் இருப்பு அதன் நகலாகவும் இருக்கட்டும். இரண்டையும், முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது என்ற உறுதி தரும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் மாற்றுங்கள்; வாரம் ஒருமுறையாவது குறிப்பேட்டிலிருந்து கூட்டி, இருப்போடு ஒப்பிடும் நிரல் ஒன்றை இயக்குங்கள்.

10 கூட்டும் இடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் நிரல் 120 என்று படித்து, 130 என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நொடியில் இன்னொருவர் வாக்களித்தால் அந்த இரண்டாவது கோரிக்கையும் 120 என்றே படித்திருக்கும். அதுவும் 130 என்றே எழுதும். இரண்டு வாக்குகள் விழுந்தும் ஒன்றுக்குரிய புள்ளியே சேர்ந்திருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எனவே எண்ணை நிரலுக்குள் கொண்டுவந்து கூட்டாமல், ‘இப்போது இருப்பதோடு 10 கூட்டு’ என்று தரவுத்தளத்திடமே சொல்லுங்கள்.

இரட்டை வாக்கும் இதைப் போன்றதே. ‘இவர் ஏற்கெனவே வாக்களித்தாரா?’ என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் சேர்ப்பது என்றுதான் எல்லோரும் முதலில் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். இணைப்பு மெதுவாக இருந்த ஒரு நாளில் ஒருவர் பொத்தானைப் பொறுமையிழந்து இருமுறை தட்டினார். இரண்டு கோரிக்கைகளும் அருகருகே வந்து, இரண்டும் தேடி, இரண்டுமே ‘இல்லை’ என்று விடை பெற்று, இரண்டுமே சேர்த்தன. அவர் ஏமாற்ற நினைக்கவே இல்லை. ஆனால் பதிவேட்டில் அவர் ஏமாற்றுக்காரராகத் தெரிந்தார். அவரிடம் நான் விளக்கம் கேட்டுவிட்டேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. வாக்களித்தவர், வாக்கு பெற்ற பதில் ஆகிய இரண்டு புலங்களையும் சேர்த்து, ஒரே இணை இருமுறை வரக் கூடாது என்னும் யூனிக் கட்டுப்பாடு ஒன்றை இட்டிருந்தால், இரண்டாவது வரிசையைத் தரவுத்தளமே மறுத்திருக்கும்.

செல்லாத வாக்குகளை அழிக்காமல் வைத்திருக்க விரும்பினால் இந்தக் கட்டுப்பாட்டோடு ஒரு மோதல் வரும். விலக்கப்பட்ட பழைய வரிசை அங்கேயே இருப்பதால், அதே நபர் நேர்மையாக மீண்டும் வாக்களிக்க இயலாமல் போகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், செல்லுபடியாகும் வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும் பகுதிநிலை யூனிக் இன்டெக்ஸ் அமைக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதி இல்லை; நடப்பு வாக்குகளை ஓர் அட்டவணையிலும், நடந்த அனைத்தையும் வரலாறாக இன்னோர் அட்டவணையிலும் வையுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்பில் இருக்கிறீர்கள் என்றால் இன்னோர் எச்சரிக்கை: 8.0.16க்கு முந்தைய பதிப்புகள், ஒரு புலத்தில் எந்த மதிப்புகள் வரலாம் என்று வரையறுக்கும் செக் கட்டுப்பாடுகளை எழுத அனுமதித்துவிட்டு, நடைமுறைப்படுத்தாமல் புறக்கணித்துவிடும். ‘வாக்கின் மதிப்பு +1 அல்லது −1 மட்டுமே’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு 5ஐச் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள்.

சீட்டு நடத்துபவருக்காகக் கணக்குச் செயலி எழுதுகிறேன். தொகையை, தசமப் புள்ளி எண்களை இரும முறையில் வைக்கும் ஃப்ளோட் வகையில் வைத்தால் போதாதா?
– வாசகர், சிவகாசி

போதாது. இரும முறையில் 0.1ஐத் துல்லியமாக எழுத இயலாது. பல நிரல்மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது அதனால்தான். நான்கு பைட் ஃப்ளோட்டில் 1,67,77,217 என்ற முழு எண்ணைக்கூட வைக்க முடியாது; 1,67,77,216 ஆகிவிடும். தசம எண்களை அப்படியே வைக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். அல்லது எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள். பிறர் பணம் என்பதால் இதில் தளர்வே கூடாது.

சாட்ஜிபிடி தரும் பதிலைச் சரிபார்த்துவிட்டு அந்தத் தளத்தில் பதியலாமா?
– வாசகர், சென்னை

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் அதைத் தடைசெய்தது. சாட்ஜிபிடி வெளியான சில நாள்களிலேயே, பார்வைக்குச் சரியாகத் தோன்றியும் உள்ளே தவறாக இருந்த பதில்கள் பெருமளவில் வந்து குவிந்ததே காரணம். அத்தகைய பதிவுகளை நீக்குவதில் மட்டுறுத்துநர்களுக்கு நிறுவனம் விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்து, 2023 ஜூனில் அவர்களில் பலர் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஊதியம் பெறாதவர்கள், பதில்களின் தரத்துக்காக வேலையை நிறுத்தினார்கள் என்பதை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். உங்கள் கேள்விக்கு வருகிறேன்: உண்மையிலேயே சரிபார்க்கும் அளவுக்கு உங்களுக்குப் பொருள் தெரியுமானால், உங்கள் சொற்களிலேயே எழுதிவிடலாமே.

எங்கள் செயலியில் தமிழ்ப் பெயர்கள் சில நேரம் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன. அதைச் சரிசெய்த பிறகும், ‘கௌரி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் கிடைக்கிறார்கள். தரவுத்தளத்தில் கோளாறா?
– மென்பொருள் பொறியாளர், திருச்சி

கேள்விக்குறிகள் வருவதற்குக் காரணம், எந்தெந்த எழுத்துகளைச் சேமிக்கலாம் என்பதை முடிவுசெய்யும் எழுத்துத் தொகுப்பு. 8.0க்கு முந்தைய மைஎஸ்கியூஎல்லின் இயல்பிருப்பு லத்தீன் எழுத்துகளுக்கானது. தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு ஆகிய மூன்றிலும், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 என்பதையே அமையுங்கள். இணைப்பில் மறந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளம் என்றால், வர்சார் என்னும் எழுத்து வகைக்கு மாற்றாக என்வர்சார் வகையைப் பயன்படுத்துங்கள். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று மட்டும் அழைக்கப்பட்ட பழைய வகை ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரையே இடம் தந்தது. நம் வழக்கமான எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் பெயர்களில் சிக்கல் தெரியாது. ஒருவர் பெயரோடு ஓர் இமோஜியைச் சேர்த்தால் நின்றுவிடும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி முதலான நம் பழைய பின்னக் குறியீடுகளுக்கும் நான்கு பைட் தேவை. பழைய நில ஆவணங்களைத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பயன்படும்.

‘கௌரி’ வேறு சிக்கல். தரவுத்தளத்தின் மீது குற்றமில்லை. உங்கள் பட்டியலில் கிடைக்காத பெயர்களில் ஒன்றை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள். ககரத்துக்குப் பின் ஔகாரக் குறி ஒன்றே இருக்க வேண்டிய இடத்தில், எகரக் குறியும் அதையடுத்து ளகர எழுத்தும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அது கெ, ள, ரி.

‘கொ’ என்பதிலும் இதைப் போன்ற ஒன்று உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் தட்டலாம். யூனிகோடு இவ்விரண்டையும் சமமாக ஏற்பதால், சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி என்னும் இயல்பாக்கத்தைச் செய்தால் ஒன்றாகிவிடும். ‘கௌரி’யை அது சரிசெய்யாது, ஏனெனில் ளகரம் உண்மையான தனி எழுத்து. எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். தெளிவு, வெளி, வெள்ளம் ஆகிய சொற்கள் அனைத்தும் சிதைந்துவிடும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதைத் தொடாமல் விடுங்கள். எஞ்சியவற்றைத் தானாகத் திருத்தாமல் ஒரு பட்டியலாக எடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கௌசல்யா, மௌனிகா, சௌந்தர் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. திருத்துவதற்கு முன், அந்தப் புலத்தின் நகலை வேறோர் அட்டவணையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.